கொல்லாத 'கொலைவெறி'!

அன்னூர் நாற்சந்தி. காலை 9 மணி.

கோயமுத்தூரில் இருந்து சத்தியமங்கலம் போகும் சாலையும், அவினாசியில் இருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையும் இங்கேதான் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகின்றன. நான்கு பக்கமும் பஸ், லாரி, வேன், மோட்டார் சைக்கிள்!

வாழைத்தார் ஏற்றிய டெம்போ ஒன்று திரும்புகிறது. குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிள் பாய்ந்து வருகிறது. "கிறீச்" என்று ஒரு சத்தம். மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி உடைந்து ரோட்டில் விழுகிறது.

மோட்டார் சைக்கிள்காரர் இறங்குகிறார். முகம் சிவந்து கிடக்கிறது.

"ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு தெரியுதுங்களா, இல்லீங்களா?"

"நீங்க வந்த வேகத்துக்கு நான் என்னுங்க பண்றது?"

"திரும்பறப்ப கையக் காட்டோணுமுங்களா, வேண்டாமுங்களா?"

"காட்டுனனுங்க. நீங்கதான் பாக்கலீங்க!"

பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'இது சண்டையா? அல்லது கலியாண வீட்டு உபசாரமா?' என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் எதிரே இருந்த டீக்கடைக்காரர் சிரிக்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அவர் கவனித்தது சண்டையின் வார்த்தைகளை அல்ல. ஒவ்வொரு வார்த்தையின் வாலிலும் வருகிறதே, "ங்க", அதை! அது இருக்கிறவரை பயம் இல்லை. அது போய், "ஏய், யார்றா நீ?" என்று ஒரு சத்தம் கிளம்பினால், அவர் கடையை விட்டுக் கீழே இறங்கிவிடுவார்.

நெல்லை அளக்க மரக்கால் இருக்கிறது. பாலை அளக்கப் படி இருக்கிறது. கோபத்தை அளக்க? கொங்கு நாட்டில் அதற்கு "ங்க" இருக்கிறது.

இங்கிலீஷ்காரர்கள் கோபத்தை எதனால் அளக்கிறார்கள்? அவர்களிடம் பெரிய பெரிய கோப வார்த்தைகள் இருக்கின்றன. ஆனால் எடுத்ததற்கெல்லாம் அவற்றைச் சொல்லிச் சொல்லி, முனை மழுங்கிப் போய்விட்டது. தமிழிலும் இப்போது அதே கதை நடக்கிறது.

அம்முச்சி பயந்தார்!

கோயமுத்தூரில் காலேஜில் படிக்கும் பேத்தி, லீவுக்கு அன்னூர் வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்ததும் வராததுமாக அம்முச்சியிடம் சொல்கிறாள்:

"நேத்து சினேகிதிங்களோட போயி பிரியாணி சாப்பிட்டமுங்க அம்முச்சி. கொலைவெறி!"

அம்முச்சிக்குக் கை நடுங்குகிறது. "யாரு கண்ணு யாரக் கொன்னாங்க?"

"அய்யோ, நல்லா இருந்துச்சுன்னு சொன்னனுங்க. அப்புறம் சினிமாவுக்குப் போனோம். படம் பயங்கரம். பாட்டு மரணம்!"

கொலை, பயங்கரம், மரணம். மூன்றும் பாராட்டு! அம்முச்சி என்ன செய்வார், பாவம்!

'கொலைவெறி' என்பது ஒரு காலத்தில் பத்திரிகையின் குற்றச் செய்திகளில் மட்டும் வந்த வார்த்தை. 'கொலைவெறித் தாக்குதல்' என்று தலைப்புப் போட்டால், படிக்கிறவர்கள் காப்பியைக் கீழே வைப்பார்கள். 2011-ல் '3' என்ற படத்துக்காக அனிருத் இசையில் நடிகர் தனுஷ் ஒரு பாட்டுப் பாடினார். காதலியிடம் ஏமாந்த வாலிபனின் புலம்பல் அது. அந்தப் பாட்டால் 'கொலைவெறி' என்ற வார்த்தை தமிழ் தெரியாத ஊர்களில் எல்லாம் சுற்றி வந்தது. பாட்டில் கொலையும் இல்லை, வெறியும் இல்லை. அன்றையில் இருந்து அந்த வார்த்தைக்குப் பல் விழுந்துவிட்டது.

'இந்தக் காலத்துப் பிள்ளைகள் தமிழைக் கெடுத்துவிட்டார்கள்' என்று திட்டவேண்டாம். இங்கிலீஷ் துரைமார்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்த வேலையைச் செய்துவிட்டார்கள்.

பயமுறுத்தும் பாராட்டு

இங்கிலீஷில் 'டெரிபிக்' என்று ஒரு வார்த்தை. லத்தீன் மொழியில் இருந்து வந்தது. 'அச்சத்தை உண்டாக்குவது' என்பதுதான் அதன் அர்த்தம். இப்போது? பையன் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் வாத்தியார், "டெரிபிக்!" என்று முதுகில் தட்டிக்கொடுக்கிறார்.

'டெரிபிள்' என்பது அதன் தம்பி. அதற்கும் பயங்கரம் என்றுதான் அர்த்தம். காலில் இரண்டு சொட்டு டீயைக் கொட்டிவிட்ட இங்கிலீஷ்காரர், "டெரிப்ளி சாரி" என்பார். பயங்கரமாக வருத்தப்படுகிறாராம்! கொட்டியது இரண்டு சொட்டு டீ.

'ஆஃபுல்' என்ற வார்த்தை ஒரு காலத்தில், கடவுள் முன்னால் நிற்கும்போது ஏற்படும் பயபக்தியைக் குறித்தது. பிறகு 'மோசம்' என்று ஆயிற்று. பிறகு 'ஆஃபுலி நைஸ்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதாவது, 'மோசமாக நல்லது'!

நாம் மட்டும் என்ன? 'அநியாயத்துக்கு நல்லவரு' என்று நம் ஊரிலும் சொல்கிறார்கள் அல்லவா?

இதைவிட ஒரு வேடிக்கை உண்டு. 'அகோரம்' என்ற வார்த்தை எல்லோருக்கும் தெரியும். அகோரப் பசி, அகோர வெயில் என்கிறோம். வடமொழியில் 'கோரம்' என்றால் பயங்கரம். 'அகோரம்' என்றால் பயங்கரம் இல்லாதது! சிவபெருமானின் ஐந்து முகங்களில் ஒன்றுக்கு அகோரம் என்று பெயர். தமிழில் வந்ததும் 'கோரம்', 'அகோரம்' இரண்டும் ஒரே பயங்கரமாகிவிட்டன.

பாம்புத் தலைப் பெண்கள்

கோபத்துக்கு இங்கிலீஷில் உள்ள பெரிய வார்த்தை 'பியூரி'. இது கோபத்தின் பெயர் மட்டும் அல்ல, தெய்வங்களின் பெயரும்கூட!

பழைய ரோமாபுரி மக்கள் 'பியூரி'கள் என்ற பெண் தெய்வங்களை நம்பினார்கள். கிரேக்க நாட்டிலும் இந்தத் தெய்வங்கள் உண்டு. தலையில் முடிக்குப் பதில் பாம்புகள். பெற்ற தாயைக் கொன்றவன், சொந்த இரத்தத்தைச் சிந்தியவன், இப்படிப்பட்டவர்களை ஊர் ஊராகத் துரத்துவார்கள். தூங்க விடமாட்டார்கள். அவன் பைத்தியமாகும்வரை விடமாட்டார்கள்.

கிரேக்க மக்களுக்கு இந்தத் தெய்வங்களின் பெயரைச் சொல்லவே பயம். ஆகவே என்ன செய்தார்கள் தெரியுமா? 'அன்பான அம்மணிகள்' என்ற அர்த்தத்தில் 'யூமனிடீஸ்' என்று பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள்! இந்தப் பெயரில் ஈஸ்கிலஸ் என்ற புலவர் கி.மு. 458-ல் ஒரு நாடகமே போட்டார்.

இது தமிழர்களுக்குப் புதிது அல்ல. பெரியம்மை ஊர் ஊராக ஆட்களைக் கொண்டுபோன காலத்தில், அந்த நோயை யாரும் திட்டவில்லை. 'அம்மை' என்றார்கள். அதாவது தாய்! 'அம்மா விளையாடியிருக்கிறாள்' என்றார்கள். முகத்தில் கொப்பளித்த புண்ணுக்கு 'முத்து' என்று பெயர் வைத்தார்கள். வேப்பிலை கட்டி, மாரியம்மனைக் குளிர வைத்தார்கள். 1980-ல் உலக சுகாதார நிறுவனம், பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தது. நோய் போய்விட்டது. பெயர் இருக்கிறது.

பயம் மெய்யாக இருந்தபோது, மனிதர்கள் வார்த்தையை அடக்கி வைத்தார்கள். கிரேக்க நாட்டிலும் அப்படி, கொங்கு நாட்டிலும் அப்படி. பயம் போன பிறகுதான் வார்த்தை தெருவுக்கு வந்தது. இப்போது 'பியூரியஸ்' என்றால் வேகம். கார் பந்தயப் படத்துக்குப் பெயர்! 2001-ல் ஆரம்பித்த அந்தப் படவரிசை பல பாகங்கள் ஓடியது. பாம்புத் தலை அம்மணிகள் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்களோ?

வெறிநாயும் குன்னூரும்

'ரேஜ்' என்பது இன்னொரு கோப வார்த்தை. இதன் கதை, அன்னூருக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது.

லத்தீன் மொழியில் 'ரேபிஸ்' என்றால் வெறி. அதில் இருந்து பிறந்ததுதான் 'ரேஜ்'. அதே 'ரேபிஸ்'தான் வெறிநாய்க்கடி நோய்க்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர். நாய்க்கும் மனிதனுக்கும் வெறி என்று ஒரே வார்த்தை. தமிழிலும் அப்படித்தானே?

பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர், 1885-ல் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பு ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. அன்னூரில் இருந்து மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து மலை ஏறினால் குன்னூர். தென்னாட்டில் நாய் கடித்தவர்களுக்கு நெடுங்காலம் அதுவே கதி.

வெறிநாய்க்கடி முற்றிவிட்டால் மருந்து இல்லை. தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும். அந்த வார்த்தையின் கனம், அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும்.

இங்கிலீஷில் இன்று 'ஆல் தி ரேஜ்' என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? புது நாகரிகம்! ஒரு தினுசுப் புடவை எல்லோரும் வாங்கினால், அது 'ஆல் தி ரேஜ்'!

தமிழில் 'வெறி'யும் இப்படித்தான் இறங்கிவந்தது. சங்க காலத்தில் 'வெறியாட்டு' என்று ஒன்று உண்டு. பெண் மெலிந்துபோனால், முருகன் பிடித்துவிட்டான் என்று வேலனைக் கூப்பிட்டு ஆட வைப்பார்கள். அதைப் பாடியே பெயர் வாங்கிய புலவர், 'வெறிபாடிய காமக்கண்ணியார்'. இன்று? 'கிரிக்கெட் வெறி', 'சினிமா வெறி'. விஜய் நடித்து 2019-ல் வந்த 'பிகில்' படத்தில் 'வெறித்தனம்' என்றே ஒரு பாட்டு. தெய்வத்திடம் இருந்து நாய்க்கு. நாயிடம் இருந்து தியேட்டருக்கு!

தியேட்டர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சினிமா ரசிகருக்கு இங்கிலீஷில் 'ஃபேன்' என்று பெயர். கோயிலில் சாமி வந்து ஆடுகிற பக்தரைக் குறித்த லத்தீன் வார்த்தை 'ஃபனாட்டிக்'. அதை வெட்டிச் சுருக்கியதுதான் 'ஃபேன்'. நம்மவர்கள் இதைத் தமிழில் எப்படிச் சொன்னார்கள்? 'விசிறி' என்று! காற்று வீசுகிற விசிறி! 'நான் சிவாஜி விசிறி' என்று ஒரு காலத்தில் தமிழ்நாடே பேசிற்று. வெறி கொண்ட மனிதன், ஒரே நாளில் பனையோலை ஆகிவிட்டான்.

'மேட்' என்ற வார்த்தையில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. பிரிட்டனில் 'மேட்' என்றால் பெரும்பாலும் பைத்தியம். அமெரிக்காவில் கோபம். கோயமுத்தூரில் உட்கார்ந்து அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் பையன்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. "ஐ ஆம் மேட்" என்று முதலாளி சொன்னால், 'பாவம், பைத்தியம் போலிருக்கிறது' என்று இரக்கப்பட்டுக்கொண்டு இருக்கக் கூடாது!

அமோகம் வேறு, 'அமோக்' வேறு

மலாய் நாட்டுக்குப் போய்வந்த தமிழர்களுக்கு 'அமோக்' என்ற வார்த்தை தெரிந்திருக்கும். சாதாரணமாக இருந்த ஒருவன், திடீர் என்று கத்தியை எடுத்துக்கொண்டு கண்ணில் பட்டவர்களை எல்லாம் வெட்டுவான். அதற்கு மலாய் மொழியில் 'அமோக்' என்று பெயர். வெள்ளைக்காரர்கள் அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது அவர்கள் வீட்டில் பிள்ளைகள் தலையணைச் சண்டை போட்டால், 'பிள்ளைகள் அமோக் ஓடுகிறார்கள்' என்கிறார்கள்.

நம் 'அமோக விளைச்சல்' இதற்குச் சொந்தம் அல்ல. அது வடமொழி. 'வீண் போகாதது' என்று அர்த்தம். பயப்படாமல் சொல்லலாம்.

இங்கிலீஷ்காரர்கள் நம் நாட்டில் எடுத்த இன்னொரு வார்த்தை 'ஜகர்நாட்'. பூரி ஜகந்நாதர் தேர்தான் இப்படி ஆயிற்று. அந்தப் பெரிய தேர் உருண்டு வருவதைப் பார்த்துப் பயந்துபோனவர்கள், தடுக்க முடியாத எதற்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். பிரிட்டனில் இன்று பெரிய லாரிக்கு 'ஜகர்நாட்' என்று பெயர். அந்தக் கணக்குப்படி அன்னூர் நாற்சந்தியில் நாள் முழுக்கத் தேரோட்டம்!

கோபக்காரன் அப்பாவி ஆனான்

வார்த்தை தேய்வது ஒரு வகை. தலைகீழாகவே புரண்டுபோவது இன்னொரு வகை.

திருக்குறளில் 31-வது அதிகாரம் 'வெகுளாமை'. கோபப்படாமல் இருப்பது என்று அர்த்தம். வெகுளி என்றால் கோபம். தொல்காப்பியம் மனிதனுக்கு எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அதில் வெகுளி ஒன்று. எதனால் வெகுளி வரும் என்றும் தொல்காப்பியர் கணக்குப் போட்டிருக்கிறார். கை காலை வெட்டுவது, குடியைக் கெடுப்பது, அடித்துத் துன்புறுத்துவது, கொலை செய்வது. இந்த நான்குதான். மோட்டார் சைக்கிள் கண்ணாடி அந்தக் கணக்கில் இல்லை!

இன்று, "அவன் ஒரு வெகுளிங்க" என்றால் என்ன அர்த்தம்? சூது வாது தெரியாதவன். அப்பாவி! எப்படி இப்படி மாறிற்று? மனதில் எதையும் மறைத்து வைக்கத் தெரியாமல், கோபம் வந்தால் உடனே கொட்டிவிடுகிறவன் கள்ளம் இல்லாதவன்தானே? அந்த வழியாகத்தான் வந்திருக்கவேண்டும். நினைத்துப் பார்த்தால் நியாயமாகவே படுகிறது.

'ஆத்திரம்' என்பதும் அப்படியே. அதற்குக் கோபம் என்றும் அர்த்தம், அவசரம் என்றும் அர்த்தம். 'ஆத்திர அவசரத்துக்கு நாலு காசு வேண்டாமா?' என்கிறபோது யாரும் கோபப்படுவது இல்லை.

மழைக்குக் கணக்கு உண்டு

வார்த்தை தேய்ந்தால் தேய்ந்து போகட்டும், என்ன நஷ்டம் என்று கேட்கலாம்.

கப்பல்காரர்களுக்கு நஷ்டம் இருந்தது. கடலில் அடிக்கும் காற்றை ஒரு காப்டன் 'கொஞ்சம் காற்று' என்று எழுதுவார். அதே காற்றை இன்னொரு காப்டன் 'பலத்த காற்று' என்று எழுதுவார். யார் பேச்சை நம்பிப் பாயை விரிப்பது? 1805-ல் பிரான்சிஸ் போபோர்ட் என்ற இங்கிலீஷ் கடற்படை அதிகாரி ஒரு வழி கண்டுபிடித்தார். காற்றுக்கு 0-வில் இருந்து 12 வரை எண் போட்டார். காற்றே இல்லாவிட்டால் 0. எந்தப் பாயும் தாங்காத சூறாவளி என்றால் 12. வார்த்தையோடு எண்ணைக் கட்டிவைத்தார். வார்த்தை நகரவில்லை!

நம் வானிலை இலாகாவும் அப்படித்தான். ரேடியோவிலும் டெலிவிஷனிலும் 'கனமழை', 'மிக கனமழை', 'அதி கனமழை' என்று சொல்கிறார்களே, அது வாய்க்கு வந்தபடி சொல்வது அல்ல. ஒரே நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. 21-ம் அதற்கு மேலும் அதி கனமழை. புயலுக்கும் இப்படிப் படிகள் இருக்கின்றன. மணிக்கு 222 கிலோமீட்டரும் அதற்கு மேலும் காற்று அடித்தால் 'சூப்பர் புயல்'. 1999-ல் ஒரிசாவில் அடித்தது அதுதான். ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள்.

'சூப்பர்' என்ற வார்த்தையை இட்லிக்கும் சட்டினிக்கும் சொல்லிப் பழகிய காதில், 'சூப்பர் புயல்' எப்படி விழும்? யோசிக்க வேண்டிய விஷயம்.

"கொன்னுபோடுவேன்!"

அடுத்தது போலீஸ் நிலையம்.

"கொன்னுபோடுவேன்" என்று தாய் பிள்ளையைப் பார்த்துச் சொல்கிறாள். பிள்ளை சிரிக்கிறது. அண்ணன் தம்பியைப் பார்த்துச் சொல்கிறான். தம்பி நாக்கைத் துருத்திக் காட்டுகிறான். ஆனால், வரப்புத் தகராறில் பக்கத்துத் தோட்டத்துக்காரரைப் பார்த்துச் சொன்னால்? அது 'கொலை மிரட்டல்'! பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 506-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் 351-வது பிரிவு. 7 ஆண்டுவரை ஜெயில் கிடைக்கும்.

வார்த்தை ஒன்றே. ஒரு இடத்தில் செல்லம். ஒரு இடத்தில் ஜெயில். எது எது என்று யார் சொல்வது?

பெங்களூரில் ஒரு தம்பதி, போக்குவரத்துப் போலீசார் மீது கோபப்பட்டு முகநூலில் எழுதினார்கள். அவர்கள் மீது மிரட்டல் வழக்குப் போடப்பட்டது. வழக்கு டெல்லி வரை போயிற்று. 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு வழக்கை ரத்து செய்தது. வெறும் வார்த்தை மட்டும் போதாது. எதிரியைக் கலங்க வைக்கும் எண்ணமும் இருக்கவேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

நீதிபதிகள் எண்ணத்தை நிறுத்துப் பார்க்கிறார்கள். அதற்குச் சாட்சி வேண்டும், வக்கீல் வேண்டும், வருஷக்கணக்கில் அலையவேண்டும். உண்மையாகவே மிரட்டப்பட்ட ஒரு ஏழைக்கு இதில் ஆபத்தும் இருக்கிறது. "என்னைக் கொன்றுவிடுவதாகச் சொன்னாருங்க" என்று அவர் போய் நின்றால், "இதெல்லாம் சும்மா கோபத்தில் சொல்றதுதானே, போய்யா" என்று பதில் வரலாம். எல்லோரும் எதற்கெடுத்தாலும் சொல்லி மலிந்துபோன வார்த்தை, அவருக்கு உதவவில்லை.

பத்திரிகைத் தலைப்பிலும் இதே நஷ்டம் உண்டு. அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டாரங்களில் தொழிற்பூங்கா அமைக்க 3,800 ஏக்கருக்கு மேல் நிலம் எடுப்பதாக 2021-ல் ஏற்பாடு ஆயிற்று. விவசாயிகள் எதிர்த்தார்கள். பாட்டன் முப்பாட்டன் உழுத நிலம். ஓர் ஆண்டுக்கு மேல் போராடினார்கள். 2022 டிசம்பரில், விவசாய நிலத்தை எடுப்பது இல்லை. தனியார் கம்பெனி வசம் இருக்கும் 1,630 ஏக்கரில் மட்டும் பூங்கா என்று அரசாங்கம் அறிவித்தது.

நிலம் போய்விடுமோ என்று தவித்த அந்த மனிதர்களின் நிலையை எந்த வார்த்தையால் எழுதுவது? 'கொந்தளிப்பு' என்று போடலாம். ஆனால் சினிமா டிக்கெட் கிடைக்காத ரசிகர்களுக்கும் 'கொந்தளிப்பு' என்றுதான் போடுகிறார்கள். கிரிக்கெட்டில் தோற்றாலும் 'கொந்தளிப்பு'. நிலமும் டிக்கெட்டும் ஒரே தராசில்!

வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு காலத்து விவசாயிகள் இந்தத் தொல்லையே வைத்துக்கொள்ளவில்லை. மின்சாரக் கட்டண உயர்வை எதிர்த்து 1972-ல் கோயமுத்தூர் வீதிகளில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கான வண்டிகள். ஊர் அசையவில்லை. எவ்வளவு கோபம் என்று யாரும் அகராதியைப் பார்க்கவில்லை.

மரியாதை கூடினால் ஆபத்து

வார்த்தைகள் தேய்ந்துபோனால், மனிதன் வேறு வழி கண்டுபிடித்துக்கொள்வான். இங்கிலீஷ்காரர் கண்டுபிடித்த வழி விசித்திரமானது. உண்மையாகக் கோபம் வந்துவிட்டால், அவர் பெரிய வார்த்தையைத் தொடமாட்டார். குரலைத் தாழ்த்துவார். மரியாதையைக் கூட்டுவார்!

"எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்" என்று இங்கிலீஷ் துரை சொன்னால், ஆள் எரிமலையாக இருக்கிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும். கோர்ட்டிலும் இப்படித்தான். "மரியாதையுடன் சொல்கிறேன்" என்று வக்கீல் ஆரம்பித்தால், 'நீங்கள் சொல்வது தப்பு' என்று அர்த்தம். "மிகுந்த மரியாதையுடன்" என்றால், 'சுத்தத் தப்பு'. "அளவில்லாத மரியாதையுடன்" என்றால், 'உமக்குப் புத்தி இருக்கிறதா?' இப்படி ஒரு கேலி அங்கே உண்டு.

கொங்கு நாட்டில் இது தலைகீழ். இங்கே மரியாதை குறைந்தால்தான் கோபம். ஆனாலும் ஒன்று. பெரியவர்களுக்கு நிஜமாக மனசு நொந்துவிட்டால் இங்கேயும் 'ங்க' கூடும். "நீங்க பெரிய மனுசருங்க. உங்களுக்கு நாங்க என்னுங்க சொல்றது? நீங்க பாத்துச் செய்யுங்க" என்று ஒருவர் எழுந்துபோனால், அந்த வீட்டுப் படியை அவர் மறுபடி மிதிக்க ஐந்து வருஷம் ஆகும். சம்பந்தி வீடுகளில் இது நடப்பது உண்டு.

ஆக, 'ங்க' குறைந்தாலும் கவனிக்கவேண்டும். அளவுக்குமேல் கூடினாலும் கவனிக்கவேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு இது பால்குடியிலேயே வந்துவிடுகிறது. ஆர்.சண்முகசுந்தரம் 1942-ல் 'நாகம்மாள்' நாவலில் கொங்குப் பேச்சை எழுதிவைத்தார். பெருமாள்முருகன் 2000-ல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியே தொகுத்தார். வார்த்தைகளை அகராதியில் பிடித்துவிடலாம். அந்த 'ங்க' ஏறி இறங்குவதைக் காதால்தான் பிடிக்கவேண்டும்.

மறுபடியும் நாற்சந்தி

மோட்டார் சைக்கிள்காரர் குனிந்து கண்ணாடித் துண்டைப் பொறுக்குகிறார். அவர் நிமிர்வதற்குள், டெம்போ டிரைவர் வண்டியைக் கிளப்பப் பார்க்கிறார்.

"ஏய்! நில்றா!"

போய்விட்டது 'ங்க'! நாற்சந்தியில் நின்ற பத்துப் பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். டிரைவர் கதவைத் திறந்து குதிக்கிறார். வெளியூர்க்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது.

டீக்கடைக்காரர் தோளில் துண்டோடு இரண்டு எட்டில் நடுரோட்டுக்கு வந்துவிட்டார்.

"உடுங்கண்ணா, உடுங்க. காலங்காத்தால கோயிலுக்கு முன்னால எதுக்குங்க இதெல்லாம்?"

அன்னூர்க் கோயிலில் இருக்கும் சாமிக்கு மன்னீஸ்வரர் என்று பெயர். கிழங்கு தோண்ட வந்த அன்னி என்ற வேடன், தெரியாமல் கோடரியால் சாமியின் மேலேயே வெட்டிவிட்டானாம். இரத்தம் வந்ததாம். சாமி கோபிக்காமல் அவனை மன்னித்தார். அதனால் அந்தப் பெயர் என்று தலபுராணம் சொல்கிறது. டீக்கடைக்காரர் அதை எல்லாம் எடுத்துச் சொல்லவில்லை. பஸ் ஒன்று பின்னால் நின்று ஆரன் அடித்துக்கொண்டு இருந்தது. நேரம் இல்லை.

டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மோட்டார் சைக்கிள்காரர், கையில் இருந்த கண்ணாடித் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணாடிக்கு எவ்வளவுங்க ஆகும்?" என்று டிரைவர் கேட்டார்.

"முன்னூறு ஆகுமுங்க" என்றார் அவர்.

டீக்கடைக்காரர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கடைக்குத் திரும்பினார். பால் பொங்கிக்கொண்டு இருந்தது.